ஒரு செடி, இரு பெயர்கள்

மேகாலயத்தின் சாலையோரங்களிலும் மேய்ச்சல் நிலங்களிலும் இடுப்பளவு வளரும் முட்செடி ஒன்று உண்டு. கத்தரிக் குடும்பம். தண்டிலும் இலை நரம்பிலும் முள். எலுமிச்சையைவிடச் சிறிய காய், தர்ப்பூசணி போன்ற பச்சை வரிகள், பழுத்தால் மஞ்சள். இந்திய ஆய்வுக் கட்டுரைகள் பலவற்றில் அதன் பெயர் சோலானம் காசியானம். ‘காசி’ என்றதும் தமிழ் வாசகரின் மனம் கங்கைக் கரைக்குப் போய்விடும். இங்கே குறிக்கப்படுவது காசி மலை. 1883இல் சி.பி. கிளார்க் இட்ட பெயர் அது.

விதையைச் சூழ்ந்த வழவழப்பான சதையில்தான் அதன் மருந்துப் பயன் இருக்கிறது. அதிலுள்ள அல்கலாய்டுகளிலிருந்து சோலசோடின் கிடைக்கிறது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் மெக்சிகோவின் காட்டுவள்ளிக் கிழங்குச் சேர்மமான டயோஸ்ஜெனினிலிருந்து புரோஜெஸ்டிரோன் தயாரித்தார். சோலசோடினும் ஏறத்தாழ அதே கட்டமைப்புடையது. ஓர் ஆக்சிஜனின் இடத்தில் நைட்ரஜன், அவ்வளவே. எனவே கருத்தடை மாத்திரைக்கும் ஸ்டீராய்டு மருந்துகளுக்கும் மூலப்பொருளாகும் என்ற நம்பிக்கையில் இந்தியாவில் அதைப் பயிரிட்டனர். முள்ளின் தொல்லை தாளாமல் முள் குறைந்த வகைகளையும் உருவாக்கினர். காய் மஞ்சளாகத் தொடங்கும் பருவத்தில் பறிக்க வேண்டும்; முற்றக் கனிந்தால் சோலசோடின் குறைந்துவிடும்.

ஆனால் அவ்வாறு பயிரிடப்பட்டது பெரும்பாலும் கிளார்க்கின் செடியே அன்று. அது 1852இல் துனால் விவரித்த சோலானம் வியாரம். தாயகம் தென் அமெரிக்கா. கிளார்க்கின் செடியோ இன்று சோலானம் அக்குலியாட்டிசிமம் என்ற வேறோர் இனத்துள் அடக்கப்படுகிறது. மலையின் பெயரைச் சுமந்ததாலேயே வந்தேறிச் செடி மண்ணின் மகளாகிவிட்டது!

இது வெறும் பெயர்ப் பூசல் அன்று. அதே வியாரம் 1988இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பதிவாயிற்று. மாடுகள் கனியைத் தின்றன. சாணத்தின் வழியே விதை பரவியது. சில ஆண்டுகளில் அது அந்நாட்டின் தீங்குக் களைப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு பெயரில் தேடும் மாணவர்க்கு மருந்துப் பயிர் கிடைக்கிறது, மறு பெயரில் தேடுபவர்க்குக் களை. இரண்டும் ஒன்றென அறியாமல் வேலியோரத்தில் நட்டுவைப்பவர் எதைப் பரப்புகிறார் என்பது அவருக்கே தெரியாது.

இவ்வகைச் செடிகளை ‘மூலிகை’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவதிலும் இடர் உண்டு. பச்சைக் கனி நஞ்சு. பல வேதிப்படிகளைக் கடந்த பின்னரே அதன் சோலசோடின் மருந்தாகிறது. கஷாயம் அதைச் செய்யாது.

பழைய கட்டுரைகளில் காசியானம் என்ற பெயரின் கீழ் அச்சான அல்கலாய்டு விழுக்காடுகள் எந்தச் செடிக்கு உரியவை? ஆய்வாளர் ஒரு கிளையை உலர்த்தி ஹெர்பேரியத்தில் வைத்திருந்தால் இன்றும் எடுத்துப் பார்க்கலாம். வைக்காதவர்களின் எண்களை எந்தச் செடியின் கணக்கில் எழுதுவது?