விளக்குக்கு எண்ணெய்

மாட்டுப் பொங்கலன்று காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் பாலாற்றங்கரைக்கு வருவார். பழையசீவரத்துக் குன்றுக்கு எழுந்தருளிய பின், எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலுக்கும் வந்துசேர்வார். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற இடம் அது. பார்வேட்டை என்பது அத்திருவிழாவின் பெயர். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் ஆற்றுவெளி அன்று ஒரு நாள் மட்டும் கரும்பும் பொரிகடலையும் பலூன்காரர்களுமாக நிறைந்துவிடும். இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழியில் எங்கள் தெருத் தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "பார்வேட்டை முடிஞ்சுது. இனிமே புத்தகத்தை எடு."

அரசின் அட்டவணைப்படி பொதுத்தேர்வு மார்ச் மாதத்தில் தொடங்கும். வீடுகளில் அது தை மூன்றாம் நாளே தொடங்கிவிடுகிறது. தொலைக்காட்சியின் மேல் துணி விழும். உறவினர் வீட்டு விசேடங்களுக்குத் தாய் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். நுழைவுச் சீட்டு வந்ததும் சாமி படத்தின் முன் வைக்கப்படும். பேனாவுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. பள்ளிகளில் முதல் திருப்புதல், இரண்டாம் திருப்புதல், காலைச் சிறப்பு வகுப்பு, மாலைச் சிறப்பு வகுப்பு என்று மணியடித்துக்கொண்டே இருக்கும். முப்பதாண்டுகளுக்கு மேல் ஆசிரியனாக இருந்த நானும் அந்த மணியை அடித்தவன்தான். தேர்வுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவது என்றால் என்ன என்று எனக்கு நன்றாகத் தெரியும் என நினைத்திருந்தேன்.

2009ஆம் ஆண்டுப் பொங்கலின்போது திருமுக்கூடல் கோயில் மதிலருகே நெடுநேரம் நின்றேன். சிறுவயதிலிருந்து பலமுறை வந்த கோயில்தான். கூட்டத்திலிருந்து ஒதுங்கி நிற்க இடம் தேடியபோது, உடன் வந்திருந்த வரலாற்றாசிரியர் நண்பர் சுவரில் இருந்த எழுத்துகளைக் காட்டி விளக்கத் தொடங்கினார். வீரராசேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டில், 11ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட நீண்ட கல்வெட்டு அது. வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய் இக்கோயிலுக்கு எவ்வாறு செலவிடப்பட வேண்டும் என்பதை ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு அது வரிவரியாகச் சொல்கிறது. ஜனநாத மண்டபத்தில் ஒரு கல்விச்சாலையும் அதன் மாணவர்க்கு விடுதியும் இருந்தன. வீரசோழன் என்னும் பெயரால் ஓர் ஆதுலர் சாலையும் இருந்தது. ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலர் சாலை என்பது மருத்துவமனை. அதில் பதினைந்து படுக்கைகள். மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவம் செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், தண்ணீர் வார்ப்பவர் என ஒவ்வொருவருக்கும் உரிய ஊதியம் எழுதப்பட்டிருக்கிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் அளவுகளும்கூட உள்ளன.

நண்பர் மருத்துவமனையைப் பற்றியே வியந்து பேசிக்கொண்டிருந்தார். அக்கல்வெட்டைப் பற்றிப் பேசும் எவரும் அப்படித்தான் பேசுவர். என் மனமோ விடுதிக் கணக்கில் சிக்கிக்கொண்டது. மாணவர்க்கு உணவு. படுக்கப் பாய். சனிக்கிழமைதோறும் தலைக்குத் தேய்த்துக் குளிக்க எண்ணெய். இரவில் விளக்கெரிக்க எண்ணெய்.

அங்கே பயின்றோர் வேதமும் வடமொழி இலக்கணமும் ஓதிய சிறுவர்கள். தறியோட்டும் வீட்டுப் பிள்ளைக்கு அன்று அந்த மண்டபத்தில் பாய் விரித்திருக்கமாட்டார்கள். அதை மறந்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ எனக்கு விருப்பமில்லை. ஆயினும், எண்ணெய்க்குக்கூடக் கணக்கு எழுதிய அந்த மனிதர், ஒரு பிள்ளை படிக்க வேண்டுமானால் பாடத்துக்கு முன்னர் என்னென்ன வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்தப் பட்டியல் எனக்கு என் தந்தையாரை நினைவூட்டியது.

காஞ்சிபுரத்தில் தேர்வுக்காலத்துக்கு மற்ற ஊர்களில் இல்லாத ஓர் இடைஞ்சல் உண்டு. தை பிறந்தால் முகூர்த்தங்கள் தொடங்கிவிடும். திருமணப் பட்டுக்கான ஆர்டர்கள் குவியும் காலமும், பிள்ளைகள் படிக்கவேண்டிய காலமும் ஒன்றே. ஆண்டு முழுதும் பட்ட கடனை அந்த இரண்டு மூன்று மாதத்தில் அடைக்க வேண்டும் என்பதால் தறிகள் இரவிலும் ஓயாமல் ஓடும். எங்கள் வீட்டில் கூடம் என்று இருந்தது ஒன்றே. அதன் பாதியைக் குழித்தறி அடைத்துக்கொண்டிருந்தது. மீதிப் பாதியில்தான் உண்பது, உறங்குவது, படிப்பது எல்லாம். ஒரே ஒரு மின்விளக்கு. அதுவும் தறிக்கு மேலே.

உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாக நெய்வதைக் கோர்வை என்பர். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். இரண்டை நெசவாளர் எறிவார்; மூன்றாவதை எறிய அருகில் துணையாள் ஒருவர் உட்கார வேண்டும். பெரும்பாலும் அந்தத் துணையாள் வீட்டுப் பிள்ளையாகவே இருப்பான். எங்கள் வீட்டில் அது நான். எட்டு வயதிலிருந்து தந்தையாருக்கு அருகே அமர்ந்து கரை நாடாவை எறிந்திருக்கிறேன். அதை உழைப்பு என்று அக்காலத்தில் யாரும் எண்ணவில்லை. மாலையில் குடத்தில் தண்ணீர் எடுத்துவருவதைப் போல அதுவும் ஒரு வீட்டுவேலை. வாய்ப்பாட்டை நான் மனப்பாடம் செய்தது அந்த நாடாவின் போக்கு வரத்துக்கு இடையில்தான்.

1985ஆம் ஆண்டு மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வு எழுதினேன். எங்கள் பள்ளியில் திருப்புதல் தேர்வு மதிப்பெண்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எழுதி வகுப்பறைச் சுவரில் ஒட்டுவார்கள். கணக்குப் பாடத்தில் என் பெயர் கடைசியிலிருந்து நான்காவதாக இருந்தது. வீட்டில் நான் சொல்லவில்லை, தந்தையாரும் கேட்கவில்லை. மற்ற வீட்டுத் தந்தையர் மகனின் மதிப்பெண்ணைக் கேட்டுத் திட்டவாவது செய்தார்கள். என் தந்தையார் ஒருநாளும் கேட்காதது, எனக்கு அவர் மேல் ஒரு மனத்தாங்கலாகவே வளர்ந்தது. பொங்கல் கழிந்த வாரத்தில் ஒருநாள் மாலை, வழக்கம்போல் தறியருகே போய் உட்கார்ந்தேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "கோர்வைக்கு ஆர்டர் இல்லப்பா. ஒத்தைக்குப் பாவு குடுத்திருக்காங்க. நீ போய்ப் படி" என்றார். அதன்பின் தேர்வு முடியும்வரை அவர் தனியாளாகவே நெய்தார். பகலில் நான் பள்ளியில் இருக்கும் நேரத்திலும், விடியலில் நான் எழுந்து குளிக்கப் போகும் நேரத்திலும் தறி ஓடும். நான் புத்தகத்தோடு அமர்ந்தால், ஏதோ நூல் அறுந்ததைப் போலத் தறியை நிறுத்திவிட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். விளக்கு எனக்கு வந்தது. முதலாளி ஏன் நல்ல ஆர்டர் தரவில்லை என்று அம்மாவும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

தேறிவிட்டேன். பெரிய மதிப்பெண் இல்லை. கல்லூரியில் சேரப் போதுமானது.

தந்தையார் மறைந்த பிறகு, பெட்டியில் இருந்த பழைய கூலிக் கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்தேன். மேலே மேலே புரட்டியபோது அந்த ஆண்டின் பக்கம் வந்தது. தை வரை கோர்வைச் சேலை, கோர்வைச் சேலை என்று இருந்தது. அதன்பின் இரண்டு மாதம் ஒருவரே நெய்யக்கூடிய எளிய சேலைகள். கூலி பாதிக்குச் சற்று மேல். சித்திரையில் மீண்டும் கோர்வை. முகூர்த்த மாதத்தில் கோர்வைக்கு ஆர்டர் இல்லை என்று சொன்னால் காஞ்சிபுரத்தில் நெசவறிந்த குழந்தையும் நம்பாது. நான் நம்பினேன். கணக்கில் கடைசியிலிருந்து நான்காவதாக இருந்தவன் அல்லவா!

இதை அறிந்தவன் ஆசிரியனாக எப்படி நடந்திருக்க வேண்டும்? நான் எப்படி நடந்தேன் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. திருமுக்கூடலிலிருந்து திரும்பிய அதே 2009இல், பிப்ரவரித் திருப்புதல் தேர்வு முடிந்ததும் மதிப்பெண் பட்டியலை நானே என் கையால் எழுதிச் சுவரில் ஒட்டினேன். முப்பத்தைந்துக்குக் கீழே இருந்த பெயர்களைச் சிவப்பு மையால் எழுதினேன். பிள்ளைகளுக்கு ரோசம் வரட்டும் என்று அப்போது எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். சிவப்புப் பெயர்களில் ஒரு மாணவியின் பெயரும் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் அறுபதுக்கு மேல் எடுத்தவர் அவர். மறுநாள் முதல் மூன்று நாள் பள்ளிக்கு வரவில்லை.

நான்காம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே தறிச் சத்தம் கேட்டது. உள்ளே போனதும், என் பதினேழாம் வயதில் நான் விட்டுவந்த கூடம் அப்படியே இருந்தது. அதே அரைக் கூடம், தறிக்கு மேலே அதே ஒற்றை விளக்கு. தந்தை நெய்துகொண்டிருந்தார், கரை நாடாவை மகள் எறிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் இருவரும் எழுந்துவிட்டனர். "பொண்ணு படிப்புல பின்தங்கிட்டான்னு சொவுத்துல எழுதிப் போட்டிருக்காங்களாமே சார்? அழுதுகிட்டே இருந்துச்சு. படிப்பு வராதுன்னா வீணா எதுக்குன்னுதான்..." என்று அந்தத் தந்தை இழுத்தார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் எழுதியதை அவர் நம்பியிருந்தார். அதுதான் எனக்குப் பொறுக்க முடியாததாக இருந்தது.

என் தந்தையார் செய்ததைப் போல நீங்களும் எளிய சேலை நெய்யுங்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு வீட்டின் இரண்டு மாதக் கூலியில் பாதியை விட்டுக்கொடு என்று கேட்க ஆசிரியனுக்கு என்ன உரிமை? இருட்டிய தெருவில் மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதுதான் அந்த மதில் எழுத்து நினைவுக்கு வந்தது. விளக்குக்கு எண்ணெய் யார் கணக்கில் இருந்தது? மாணவனின் தந்தை கணக்கில் இல்லை. சாலையின் கணக்கில் இருந்தது.

மறுநாள் காலை, யாரும் வருமுன் சென்று பட்டியலைக் கிழித்தேன். பசை காய்ந்திருந்ததால் முழுதும் வரவில்லை. சில சிவப்பெழுத்துகள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டன. சுண்ணாம்பு பூசி மறைத்தேன். தலைமையாசிரியரிடம் பேசி, மாலை ஆறு மணி முதல் எட்டரை மணி வரை இரண்டு வகுப்பறைகளைத் திறந்துவைக்க ஒப்புதல் பெற்றோம். சிறப்பு வகுப்பு அன்று; பாடம் நடத்துவதில்லை என்பது முதல் விதி. விளக்கு, பாய், குடிநீர், ஏழு மணிக்கு ஒரு கிண்ணம் சுண்டல். கேட்டால் மட்டும் சொல்லிக்கொடுக்க ஓர் ஆசிரியர். சுண்டலுக்கான செலவை ஆசிரியர்கள் முறைவைத்து ஏற்றுக்கொண்டோம். பெண்பிள்ளைகள் வீடு திரும்பத் தாய்மார் சிலர் முறைவைத்து வந்து அழைத்துச் சென்றனர்.

முதல் நாள் ஒன்பது பேர் வந்தனர். இரண்டாம் வாரத்தில் நாற்பதுக்கு மேல். வந்தவர்களில் பலரும் மூன்றாம் நாள்வரை படிக்கவே இல்லை. பாயில் படுத்து உறங்கினார்கள். உடன் பணிபுரிந்த ஒருவர் இதைக் கண்டு கொதித்துப்போனார். நான் எழுப்ப வேண்டாம் என்றேன். வீட்டில் தறி ஓயும்வரை விழித்திருந்து பழகிய பிள்ளைகள். உறக்கமும் அவர்களுக்கு வரவேண்டிய பாக்கிதான்.

அப்பெண்ணின் தந்தை மகளுக்கு ஒரு மாற்று ஏற்பாடு செய்தார். தங்கை மகன் ஒருவனை மாலையில் தறிக்கு அழைத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்பு முடித்துப் படிப்பை நிறுத்தியிருந்த பையன் அவன். ஒரு பிள்ளைக்கு விளக்கு கிடைத்த இடத்தில் இன்னொரு பிள்ளை போய் உட்கார்ந்தான் என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. மறு ஆண்டு அவனையும் பள்ளிக்குத் திரும்பச் செய்ய முயன்றோம். வரவில்லை.

2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளோடு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. அந்த அறிவிப்பைச் செய்தித்தாளில் படித்தபோது சுண்ணாம்பு பூசிய அந்தச் சுவரை நினைத்துக்கொண்டேன்.

முதல் தேர்வுக்கு முந்தைய மாலை, விளக்குகளை அணைக்கும் நேரம் நெருங்கியிருந்தது. அன்று தாய்மாருக்குப் பதிலாக அந்தத் தந்தையே மகளை அழைத்துப்போக வந்திருந்தார். விரல்களில் சாயம் காயாமல் இருந்தது. பாதி நெசவில் எழுந்து வந்திருக்கிறார் என்பது தெரிந்தது. சன்னல் வழியாக மகள் குனிந்து எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார். அந்தப் பக்கம் முடியட்டும்" என்று சொல்லிவிட்டு, மிதிவண்டி நிறுத்தும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.