புளியங்குளம் சந்தியில் வேன் நிற்கும்போது...



வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஏ-9 வீதியில் போகிறவர்கள் ஓமந்தையைக் கடந்த பின் காணும் சந்தி புளியங்குளம். வவுனியா நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். இங்கிருந்து நெடுங்கேணிக்கு ஒரு வீதி பிரிகிறது. பக்கத்தில் ரயில் நிலையமும் உண்டு. இதைத் தாண்டினால் கனகராயன்குளம், மாங்குளம் வரை காடும் வயலுமாகவே பாதை நீளும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளம் பகுதியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது உம்மாவும் வாப்பாவும் பிறந்த மண்ணுக்குப் போகும் பாதை. போய் இறங்கும் பழைய வீட்டில் சுவர் இருக்கலாம், கரண்ட் இருக்காது. அதனால் வேனிலேயே படுக்கை போட்டு, சின்ன பிரிட்ஜ், மின்விசிறி, பிளக் பொயின்ட் எல்லாம் பூட்டிக்கொண்டு போகும் பழக்கம் வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவழியில் பிளக்கில் கரண்ட் வராமல் போனால்? பிள்ளைக்கு இழுப்பு வந்து நெபுலைசர் வைக்க வேண்டிய நேரமாக இருந்தால்? மாமியின் இன்சுலின் பிரிட்ஜில் இருந்தால்?

வன்னி மக்கள் அறிந்த பாடம்

புளியங்குளத்து மக்கள் கரண்ட் இல்லாமலே பல வருடங்கள் வாழ்ந்தவர்கள். 1990களில் போரினால் இங்கு மின்சார விநியோகம் அற்றுப்போனது. டோர்ச் பட்டரியும் எரிபொருளும் அரசாங்கத்தின் தடைப் பட்டியலில் இருந்தன. 1997 மே மாதம் ஆரம்பமான ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கையின்போது இந்தச் சந்தியே மாதக்கணக்கில் போர்முனையாகக் கிடந்தது. அந்தக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் செய்தி கேட்க மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுற்றினார்கள். தைனமோவிலிருந்து வந்த கரண்டில் ரேடியோ பேசியது. சுற்றிய கை ஓய்ந்தால் ரேடியோவும் ஓய்ந்துவிடும்!

கரண்ட் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதை அவர்களுடைய கையே அறிந்திருந்தது. நமக்கோ சுவரில் உள்ள துளை மட்டும்தான் தெரியும். வேனில் பயணம் செய்கிறவருக்கு அது போதாது.

ஒரு வேன், இரண்டு கரண்ட்

முதலில் இதை விளங்கிக்கொள்ளுங்கள். வேனுக்குள் இரண்டு வகைக் கரண்ட் இருக்கிறது. ஒன்று பட்டரியின் 12 வோல்ட். லைட், போன் சார்ஜர், சில சின்ன பிரிட்ஜ்கள் இதில் ஓடும். மற்றது வீட்டில் உள்ளது போன்ற 230 வோல்ட். இது வெளியிலிருந்து வயர் இழுத்தால் வரும்; அல்லது இன்வேர்ட்டர் என்ற பெட்டி பட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக மாற்றித் தரும்.

இன்வேர்ட்டர் கரண்டை மாற்றித் தருகிறதே தவிர, உண்டாக்குவதில்லை. 1000 வொட் கேத்தல் ஒன்றைப் போட்டால் பட்டரியிலிருந்து 90 அம்பியர் அளவில் இழுக்கும். சாதாரண வேன் பட்டரி இதைச் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. பிறகு இன்வேர்ட்டர் ‘கீ கீ’ என்று சத்தமிட்டுத் தானாக நின்றுவிடும். அது பழுதல்ல, பட்டரியைக் காப்பதற்கான ஏற்பாடு. தேத்தண்ணீருக்குச் சுடுநீரைப் பிளாஸ்கில் கொண்டுபோங்கள். பட்டரியை நெபுலைசருக்கும் பிரிட்ஜுக்கும் மிச்சப்படுத்துங்கள்.

துளையிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

பிளக்கில் கரண்ட் இல்லையா? பதறாமல் ஒவ்வொரு படியாகப் பாருங்கள்.

முதலாவது, ஒரு பிளக் பொயின்ட் மட்டுமா, எல்லாமுமா? ஒன்று மட்டுமென்றால், அதே சாமானை வேறு பொயின்டில் போட்டுப் பாருங்கள். அங்கும் ஓடாவிட்டால் கோளாறு சாமானில். சதுர ஊசி உள்ள 13 அம்பியர் பிளக் என்றால் அதற்குள்ளே ஒரு சின்ன பியூஸ் இருக்கும், அது போயிருக்கலாம்.

இரண்டாவது, எல்லாமே இல்லையென்றால் ட்ரிப் சுவிட்சைப் பாருங்கள். விழுந்திருந்தால், செருகிய எல்லாவற்றையும் கழற்றிவிட்டு அதைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. ஒன்றுமே செருகாமலும் விழுந்தால் வயரிங்கில் கோளாறு. அதற்கு எலக்ட்ரீஷியன்தான் வேண்டும்.

மூன்றாவது, இன்வேர்ட்டரின் லைட் எரிகிறதா? எரியாவிட்டால் பட்டரிக்குப் போங்கள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் சரியாக ஏறாது. எஞ்சினை நிறுத்தி, கழித்தல் முனையை முதலில் கழற்றி, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் தேய்த்துத் துடைத்து இறுக்கச் சொல்லுங்கள். மீட்டர் இருந்தால் அளந்து பார்க்கலாம். எஞ்சின் ஓடாத நேரத்தில் நிறைந்த பட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12க்குக் கீழே இறங்கினால் அது களைத்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை; கராஜுக்குப் போகாமல் இரவு தங்க வேண்டாம்.

செய்யக்கூடாதவை

பியூஸ் போன இடத்தில் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். வயர் சூடாகி வேனே தீப்பற்றும். இரண்டு ஊசி பிளக்கை மூன்று துளையில் ஏற்றுவதற்காக, எர்த் துளைக்குள் தீக்குச்சியோ பேனா மூடியோ செருகும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் செருகுவார்கள்! பொருத்தமான அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களில் உருண்டை ஊசிப் பொயின்ட்தான் இருக்கும் என்பதால் அது எப்படியும் தேவைப்படும்.

வேனின் உடம்பைத் தொடும்போது சுர்ரென்று அடித்தால், வெளியிலிருந்து வரும் கரண்டை அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். எர்த் இல்லாத வயரில் உயிர் போகும்.

ஜெனரேட்டரை வேனுக்குள்ளோ ஜன்னல் ஓரத்திலோ ஓடவிடாதீர்கள். அதன் புகையில் உள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே மௌத்தாகிவிடுவார். எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடிகளை அடைத்துக்கொண்டு தூங்குவதிலும் இதே ஆபத்து உண்டு.

மருந்தைக் கரண்டை நம்பி மட்டும் வைக்காதீர்கள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நேர்ந்த கோளாறு என்று அறிவிக்கப்பட்டு, நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. நாட்டுக்கே இப்படியென்றால் ஒரு வேன் எம்மாத்திரம்?

திறந்து பாவனையில் உள்ள இன்சுலின், 30 பாகைக்கு மேற்படாத வெப்பத்தில் பெரும்பாலும் நான்கு வாரம் வரை இருக்கும். வகைக்கு வகை இது மாறும், பெட்டியில் உள்ள தாளைப் பாருங்கள். திறக்காததற்கு 2 முதல் 8 பாகை வேண்டும். பிரிட்ஜ் நின்றுவிட்டால் துணியில் சுற்றி, ஐஸ் நேரே படாமல் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். உறைந்துபோன இன்சுலின் பயன்படாது. ஐஸ் இல்லையா? ஈரத்துணி சுற்றிய சின்ன மண்முட்டி, நிழலில் காற்றுப்படும் இடத்தில், சூட்டை நன்றாகவே தணிக்கும். வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் மட்டும் எந்த மருந்தையும் விட்டுவிடாதீர்கள். நெபுலைசர் வைக்கும் பிள்ளைக்கு, கையால் அமுக்கும் பம்பும் ஸ்பேசரும் கைவசம் இருக்கட்டும். எப்படிப் பாவிப்பது என்று புறப்படுமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தவர் கரண்ட்

இறுதியாக ஒன்று. கடையிலோ பள்ளிவாசலிலோ பிளக் பொயின்டைக் கண்டவுடன் வயரைச் செருகிவிடாதீர்கள். அந்தக் கரண்டுக்கு யாரோ பில் கட்டுகிறார்கள். பள்ளிவாசலின் மின்சாரம் பொதுச் சொத்து. பொறுப்பாளரிடம் கேளுங்கள், என்ன சாமான் ஓடப்போகிறது என்று சொல்லுங்கள், ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு எடுங்கள். சுருட்டிய நீள வயரை முழுவதும் விரித்துவிட்டுப் பாவியுங்கள். சுருளாகவே விட்டால் அது சூடேறி உருகும்.

அடுத்த பயணத்துக்கு முன், வீட்டு வாசலிலேயே வேனின் ஒவ்வொரு பொயின்டையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். வீட்டில் உள்ள ஆண்களுக்கு மட்டும் தெரிந்தால் போதாது. நீங்களும் உங்கள் பெண்மக்களும் அறிந்திருக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுத் திணறும்போது முதலில் விழிப்பவர் நீங்கள்தானே!