கேற்றுக்கு ஒரு தாழ்ப்பாள்

தாழ்ப்பாள் பூட்டுவதைப் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையோ என்று கேட்கப் போகிறீர்கள். போன முறை வட்டி வீதத்தைப் பற்றி எழுதினேன். வாசித்த சிநேகிதி, "நித்திரை நல்லா வந்தது" என்றாள். ஆகவே இந்த முறை கேற். வணிகம் படிக்கிற பிள்ளைக்கு ட்றில் எதற்கு என்றும் கேட்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எங்கள் வீடு ஸ்காபரோவில். முன்வாசலில் ஆறு படி. பனிக்காலத்தில் அந்தப் படியில் இளம் ஆட்களே வழுக்குவார்கள். அதனால் அப்பம்மா வெளியே போய் வருவது வீட்டின் பக்கவாட்டுக் கதவால்தான். அங்கிருந்து சமதரையில் ஒரு நடைபாதை, அதன் முடிவில் வெள்ளை வினைல் கேற், அதைத் தாண்டினால் தெரு. கோவில் பஸ், பக்கத்து வீட்டு மாமி, மூலைக்கடை எல்லாம் அவவுக்கு அந்தக் கேற்றுக்கு அங்காலதான்.

ஜனவரியில் கடுங்குளிர் நாள் ஒன்றில் கேற்றின் பிளாஸ்ரிக் தாழ்ப்பாள் முறிந்துபோனது. அப்பா ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார். அக்காவின் மகனுக்கு இரண்டரை வயது. பகலில் எங்கள் வீட்டில்தான் நிற்பான். கண் மூடி முழிப்பதற்குள் தெருவில் நிற்கக்கூடிய ஆள், ஆகவே கயிறு தேவைதான். ஆனால் அப்பம்மாவுக்கு விரல் மூட்டுகளில் வாதம். அந்த முடிச்சை அவவால் அவிழ்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் "பிள்ளை, ஒருக்கா வந்து கழட்டிவிடு" என்று கூப்பிட வேண்டும். மாசி மாதம் முழுக்கக் கூப்பிட்டா. பங்குனியில் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டா. சித்திரையில் வெளியே போவதையே விட்டுவிட்டா. கேட்டால், "எனக்கென்ன அலுவல் வெளியில" என்று பதில்.

சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "பெரிய பூட்டு ஒண்டைப் போட்டால் விசயம் முடிஞ்சுது" என்றார். அப்பம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டா: "திறப்பு ஆரிட்ட இருக்கும்?"

யாரும் மறுமொழி சொல்லவில்லை. எனக்கு அந்தக் கேள்வி மண்டைக்குள்ளேயே நின்றது. பூட்டு எல்லோரையும் ஒரே மாதிரி மறிக்கும். எங்களுக்குத் தேவைப்பட்டதோ இரண்டரை வயதுக் கைக்குத் திறக்காததும் எழுபத்தெட்டு வயதுக் கைக்குத் திறப்பதுமான ஒன்று. பரீட்சை முடிந்த கிழமை நானே இறங்கிவிட்டேன்.

முதலில் வினைல் என்றால் என்ன என்று பார்ப்போம். வேலிக்குப் பாவிக்கும் வினைல், பீவீசி பிளாஸ்ரிக்தான். தண்ணீர்க் குழாய்க்குப் பாவிக்கும் அதே இனம். வெயிலில் கெடாமல் இருக்க அதில் டைட்டேனியம் டையொக்சைட் என்ற வெள்ளைத் தூளைக் கலக்கிறார்கள். இந்த வேலிகளில் அதிகமானவை வெள்ளையாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உக்காது, கறையான் தின்னாது, பெயின்ற் அடிக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று குணங்களைத் தெரிந்துகொள்ளாமல் அதில் கை வைக்கக்கூடாது.

ஒன்று, உள்ளே வெறுமை. பார்க்க மரம் மாதிரி இருக்கும், ஆனால் சதுரக் குழாய்தான். சுவரின் தடிப்பு சில மில்லிமீற்றர். அதில் மட்டும் ஸ்குறூ பூட்டினால் இன்றைக்குப் பிடிக்கும், நூறு முறை கேற் அடித்துச் சாத்தினால் ஓட்டை பெருத்துக் கழன்றுவிடும். ஆகவே ஸ்குறூ போய்ப் பிடிக்க உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். கேற் தொங்கும் தூண்களுக்குள் அலுமினியக் குழாயோ மரக் கட்டையோ சீமெந்தோ வைத்திருப்பார்கள். விரலால் தட்டிப் பார்த்தால் சத்தத்தில் ஓரளவு விளங்கும். எங்கள் தூணுக்குள் அலுமினியம் இருந்தது. கேற்றின் சட்டத்துக்குள் ஒன்றும் இல்லை, அதனால் அந்தப் பக்கம் ஊடுருவிப் போகும் போல்ற்றும் இரண்டு பக்கமும் அகலமான வாஷரும் பாவித்தேன்.

இரண்டு, குளிரில் அது உடையும். உறைபனி நாளில் பீவீசியைத் துளைத்தால் வெடிக்கக்கூடும். அதனால்தான் வைகாசி வரை காத்திருந்தேன்.

மூன்றாவதுதான் முக்கியமானது. வெப்பத்துக்கு அது நீளும், குளிருக்குச் சுருங்கும். எல்லாப் பொருளும் அப்படித்தான், ஆனால் பீவீசி எஃகைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஒரு மீற்றர் பீவீசி, 10 பாகை வித்தியாசத்துக்கு அண்ணளவாக 0.6 மில்லிமீற்றர் மாறும். எங்கள் கேற் 42 அங்குல அகலம், ஒரு மீற்றருக்குச் சற்றுக் கூட. நான் பூட்டிய அன்று 18 பாகை. குளிர்காலத்தில் -20 வந்தால் கேற் சுமார் இரண்டரை மில்லிமீற்றர் ஒடுங்கும். ஆடி வெயில் நேரே விழுந்தால் ஒன்றரை, இரண்டு மில்லிமீற்றர் அகலும். மொத்தம் நாலு மில்லிமீற்றர் ஆட்டம். தாழ்ப்பாளின் நாக்கு குளிரில் தூணுக்கு எட்ட வேண்டும், வெயிலில் இறுகி நிற்கவும் கூடாது. ஆகவே தூணுக்கும் கேற்றுக்கும் நடுவில் அரை அங்குல இடைவெளி. பார்ப்பவர்களுக்கு அது வேலை சரியில்லாதது மாதிரித் தெரியும். எங்கள் பட்ஜெட் பாடத்தில் எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கச் சொல்வார்கள், அது ஏன் என்று எனக்கு வடிவாக விளங்கியது அந்த இடைவெளியைப் பார்த்தபோதுதான்.

இதைவிட நிலமும் அசையும். தெற்கு ஒன்ராறியோவில் மண் உறையும் ஆழத்தை 1.2 மீற்றர் என்று கணக்கெடுத்துத்தான் தூண் நடுவார்கள். அதற்கு மேலே நின்றால் உறைந்த மண் தூணை மேலே தள்ளும். அதனால் தாழ்ப்பாளைத் தொடுவதற்கு முன் தூண் நேராக நிற்கிறதா, கேற் ஒரு பக்கம் தொங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கினால் பிணைச்சலை முதலில் திருத்த வேண்டும். சாய்ந்த கேற்றுக்கு எந்தத் தாழ்ப்பாளும் நிற்காது. எங்களுடையது கால் அங்குலம் இறங்கியிருந்தது. கீழே இரண்டு பலகைத் துண்டுகளை முண்டு கொடுத்து, பிணைச்சலை இறுக்கிச் சரிசெய்தேன்.

அடுத்தது எந்த உயரம். அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு, நீச்சல் தடாக வேலிகளுக்கான வழிகாட்டியில் தாழ்ப்பாளைத் திறக்கும் இடம் கேற்றின் அடியிலிருந்து குறைந்தது 54 அங்குலம் என்கிறது. சின்னப் பிள்ளைகளின் கை எட்டாத உயரம். எங்களிடம் தடாகம் இல்லை, ஆனால் பிள்ளை இருக்கிறது. சிக்கல் என்னவென்றால் அப்பம்மாவின் உயரமே 58 அங்குலம். 54 என்றால் அவவின் கண்மட்டம். தோளுக்கு மேலே கையைத் தூக்கி எதையாவது திருக வேண்டுமென்றால் அவவால் ஏலாது.

வினைலில் தேவையில்லாமல் ஓட்டை போடவும் கூடாது. தண்ணீர் உள்ளே போகும், உறையும். ஆகவே துளைக்கும் முன் ஒத்திகை பார்த்தேன். கடையில் மூன்று மாதிரித் தாழ்ப்பாள்கள் வாங்கிக் கொண்டு வந்தேன், பாவிக்காததைத் திருப்பிக் கொடுக்கலாம். ஒவ்வொன்றையும் ஒட்டு நாடாவால் கேற்றில் ஒட்டி, "அப்பம்மா, ஒருக்கா பிடிச்சுப் பாருங்கோ" என்றேன். உருண்டைக் குமிழ் திருகுவது, முடியவில்லை. கட்டைவிரலால் அமத்துவது, நோகிறது. மூன்றாவது நீளமான கைபிடி, கீழ்நோக்கி அமத்தினால் திறக்கும். விரலே தேவையில்லை. கையை மடக்கி, முழங்கைக்குக் கீழ்ப் பக்கத்தைக் கைபிடியில் சாத்தினாலே போதும், கையின் பாரமே வேலையைச் செய்துவிடும். 54 அங்குலத்திலும் செய்தா. "இது நல்லாயிருக்கு" என்றா. அதோடு தெரிவு முடிந்தது.

பூட்டுவது பிறகு அரை மணித்தியால வேலை. கேற்றைச் சாத்திய நிலையில் இரண்டு பக்கமும் பென்சிலால் அடையாளம். சின்ன அலகால் முதல் துளை, பிறகு சரியான அளவு. துருப்பிடிக்காத எஃகு ஸ்குறூ, இல்லாவிட்டால் வெள்ளை வினைலில் துரு வழிந்து கோடு விழும். தாழ்ப்பாளின் தகட்டில் நீள்வட்டத் துளைகளும் இருக்கும். முதலில் அவற்றில் பூட்டி, பத்துத் தரம் திறந்து சாத்திப் பார்த்து, ஒழுங்கானபின் வட்டத் துளைகளில் இறுக்க வேண்டும். கேற் தானாகச் சாத்தும் ஸ்பிறிங் பிணைச்சலை மட்டும் கொஞ்சம் தளர்த்தினேன், பலமாக இருந்தால் அப்பம்மாவைத் தள்ளிவிடும். வரியோடு 60 டொலருக்குள் அடங்கியது.

நான் வேலை செய்யும்போது அப்பம்மா பக்கத்தில் கதிரை போட்டு இருந்து ஊர்க்கதை சொன்னா. யாழ்ப்பாணத்தில் கிளுவைக் கதியால் நட்டுப் பனையோலை அடைத்த வேலி. படலைக்கு ஒரு கம்பி வளையம்தான் தாழ்ப்பாள், மாட்டை மறிக்க அது போதுமாம். சில வீடுகளில் சங்கடப்படலை, அதாவது மேலே சின்னக் கூரை போட்ட படலை. தெருவால் போகிறவர்கள் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நிற்கலாம். "உள்ளுக்கு வராத ஆளுக்கும் நிழல் குடுக்கிற படலை" என்றா. வாசல் என்றால் மறிப்பதற்கு மட்டுமில்லை என்பதை எங்கள் ஆட்கள் எப்போதோ யோசித்திருக்கிறார்கள்.

பிள்ளைகளையும் வயது போனவர்களையும் பாதுகாக்கிறோம் என்று சொல்லி நாங்கள் ஒரே பூட்டைத்தான் இரண்டு பேருக்கும் போடுகிறோம். பிள்ளை வளர்ந்து ஒருநாள் திறந்துவிடுவான். வயது போனவர் திறக்கக் கேட்பதையே நிறுத்திவிடுவார். அந்த அமைதியை நாங்கள் "அவவுக்கு வெளியில போக விருப்பமில்லை" என்று எழுதி வைத்துவிடுவோம். உங்கள் வீட்டில் கதவு, குழாய், போத்தல் மூடி என்று எதையாவது ஒருவர் தொடுவதை நிறுத்தியிருந்தால், விருப்பம் குறைந்ததா, பிடி கடினமானதா என்று ஒருக்காக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் பதில் கிடைத்துவிட்டது. பெறாமகன் கைபிடியைப் பார்த்துத் துள்ளுகிறான், எட்டவில்லை. அப்பம்மா இப்போது எங்கே போகிறா என்று எங்களுக்குச் சொல்வதே இல்லை.