கல்கத்தாவில் ஒரு கிதார்ப் பெட்டிக்குப் புதுத் தோல்

கல்கத்தாவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு நகரம் லேக் மார்க்கெட்டோடு முடிந்துவிடுகிறது. காபிப்பொடியும் முருங்கைக்காயும் வாழையிலையும் அங்கே கிடைத்துவிடுகின்றன. அலுவலகம் போய்வர ஒரு வழி தெரிகிறது. அதற்கு மேல் தெரு எதற்கு என்று இருந்துவிடுகிறோம். 2001ஆம் ஆண்டு முதல் இந்நகருக்கு அரசாங்கப் பெயர் கொல்கத்தா. அந்த மாற்றங்கூட நம் வீட்டுப் பேச்சில் இன்னும் ஏறவில்லை. இப்படிப்பட்ட நாம், சென்ற மார்கழியில் ஒரு பழைய கிதார்ப் பெட்டியைப் புதுப்பிக்கும் பொருட்டு, அதுவரை கால் வைத்திராத தெருக்களில் அலைந்தோம். அந்த அலைச்சலின் வரலாறே இக்கட்டுரை.

பெட்டி நம்முடையதன்று. நம் வட்டாரத்தில் எல்லாரும் ‘மாமா’ என்று அழைக்கும் முதியவர் ஒருவருடையது. பகலில் கம்பெனிக் கணக்கும் இரவில் கிதாருமாக 1970களைக் கழித்தவர் அவர். பார்க் தெரு உணவு விடுதிகளில் இசைக் குழுக்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. சென்னை மவுண்ட் ரோடில் நைன் ஜெம்ஸ் என்ற விடுதியில் 1969இல் பாடத் தொடங்கிய தமிழ்ப் பெண் உஷா, பின்னர் இங்கே ட்ரின்காஸ் விடுதியில் பாடிப் புகழ் பெற்றதை நேயர்கள் அறிவார்கள். மாமாவுக்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை. பெட்டி மட்டும் மிஞ்சியது. இப்பொழுது அவர் சென்னையில் மகன் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். தைக்கு முன் சாமான்கள் லாரி ஏற வேண்டும். பூஞ்சணம் பூத்துக் கிழிந்து தொங்கும் அந்தப் பெட்டியை வீட்டுக்குள் விட முடியாது என்று மருமகள் தொலைபேசியிலே தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை. எனவே பெட்டிக்கு இரண்டு வழிகளே இருந்தன: புதுத் தோல், அல்லது தெருவில் கூவிக்கொண்டு போகும் பிக்ரிவாலாவின் தராசு.

மின்சாரக் கிதாருக்குத் தன் குரல் மிகச் சிறிது. தந்திகளின் அடியில் உள்ள காந்தச் சுருள் அதிர்வை மின்னோட்டமாக்கும். அதைப் பெருக்கி, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பை முன்னும் பின்னும் அசைத்தால்தான் நம் காதுக்கு எட்டும். இன்றைய ஒலிபெருக்கியின் அமைப்பை அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925இல் வெளியிட்டார்கள். அதன் தத்துவம் இந்த நூறு ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே காற்று இழுபடுகிறது. முன்னலையும் பின்னலையும் ஒன்றையொன்று தின்றுவிடாமல் தடுப்பதே பெட்டியின் முதல் வேலை. பின்புறம் மூடிய பெட்டியில் தாழ்ந்த ஸ்வரங்கள் இறுகி ஒலிக்கும். திறந்த பெட்டியில் ஒலி அறை முழுவதும் பரவும். மாமாவுடையது மூடிய பெட்டி. அகலம் 30 அங்குலம், உயரம் 20, ஆழம் 12. உள்ளே 12 அங்குல ஒலிபெருக்கிகள் இரண்டு. ஆங்கிலப் பெட்டி ஒன்றைப் பார்த்து பௌபஜார் தச்சர் ஒருவர் முக்கால் அங்குல ஒட்டுப்பலகையில் செய்து கொடுத்ததாம். மூலைகளில் விரல்களைக் கோத்தாற்போலப் பலகைகளைக் கோத்திருக்கிறார். ஐம்பது மழைக்காலம் கண்டும் ஒரு கோப்பு விலகவில்லை.

காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ஏறினோம். நம் நாட்டிலேயே முதன்முதலாக 1984இல் ஓடத் தொடங்கிய பாதாள ரயில் இதுதான். சாந்தினி சௌக்கில் இறங்கி மேலே வந்தால், இந்நகரின் மின்சாமான் சந்தை. ஒரு முழ அகலக் கடைகளில் கம்பி, சுருள், மின்விசிறி, வானொலி உறுப்புகள் யாவும் விட்டம் வரை அடுக்கப்பட்டிருக்கின்றன. நம்முடன் வந்த இளைஞர் பெட்டியின் படத்தைக் காட்டினார். முதற் கடைக்காரர், “தாதா, இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்றார். இரண்டாமவர், பெட்டி கிடக்கட்டும், பழைய ஒலிபெருக்கிகளை மட்டும் தாம் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். தூக்கிப் போட வேண்டிய பொருளுக்கு ஒருவர் விலை பேசுகிறார் என்றால், அது தூக்கிப் போட வேண்டியதன்று என்று தெரிந்துகொண்டு மேலே நடந்தோம்.

பெண்டிங்க் தெருவின் சீனச் செருப்புக் கடைகளைத் தாண்டி லால்பஜார் முனைக்கு வந்தால் ரவீந்திர சரணி தொடங்குகிறது. பழைய பெயர் லோயர் சித்பூர் சாலை. இதே தெருவில் வடக்கே போனால் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ வீடு. தெருவின் தெற்கு முனையிலோ ஆர்மோனியம், தபேலா, சித்தார், வயலின் செய்வோரும் விற்போரும் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். வங்காளிகளுக்குக் கிதார் புதிதன்று. ஹவாய் கிதாரில் ரவீந்திர சங்கீதம் வாசிப்பது இங்கே வீட்டுக்கு வீடு ஒரு மோகமாகவே இருந்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் புதல்வர் காஜி அநிருத்தாவே பேர்பெற்ற கிதார்க் கலைஞர். இத்தெருவில் பித்தளை மூலைக் கவசங்கள் எட்டும், தோல் கைப்பிடி ஒன்றும் வாங்கினோம்.

ரெக்சின் கிடைத்தது மல்லிக் பஜாரில். பழைய கார்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் வட்டாரம் அது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஒரு மிஸ்திரி நம் பெட்டியின் அளவைக் கேட்டுவிட்டு, விரலாலேயே கணக்கிட்டார். நான்கு பக்கமும் சுற்றிவரக் கூட்டினால் 100 அங்குலம். 54 அங்குல அகலத் துணியில் 3 மீட்டர் வாங்கினால் பின்பலகைக்கும் மிஞ்சும் என்றார். “துணியை இழுத்து ஒட்டாதீர்கள், படுக்க வைத்து ஒட்டுங்கள். இழுத்த துணி வெயிலில் பழிவாங்கும்” என்று அவர் சொன்னதற்குத் தனியே கட்டணம் வாங்கவில்லை.

முகத்துணிதான் பெரும்பாடு படுத்திற்று. கடைகளில் கிடைப்பதெல்லாம் கறுப்பு நைலான். மாமாவுக்கோ பழைய பெட்டியில் இருந்ததுபோலப் பழுப்பு நிறத்தில், இழை தெரிகிற துணி வேண்டும். கடைசியில் இளைஞர்தாம் சணல் துணியை நினைவூட்டினார். ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் 1855இல் முதற் சணல் ஆலை எழுந்த நாள் தொட்டு, உலகத்துக்கே கோணி நெய்து கொடுத்த ஊரில் இருந்துகொண்டு நைலானைத் தேடுவானேன்! மெல்லிய இழையில் இரண்டு கெஜம் வாங்கி, வாயருகே பிடித்து ஊதினோம். மூச்சு தடையின்றி மறுபுறம் போயிற்று. மூச்சு போகும் துணியில் ஒலியும் போகும். அதை நனைத்து அலசி இரண்டு நாள் வெயிலில் போட்டதில் எண்ணெய் வாடையும் போயிற்று.

வேலை மாமாவின் மொட்டை மாடியில் நடந்தது. மார்கழியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: ரப்பர்ப் பசை ஈரக்காற்றில் பூத்துப்போய் பிடிப்பை இழந்துவிடும், இந்நகரில் ஆடி ஆவணியில் அந்த வேலையைத் தொடவே கூடாது. ஒலிபெருக்கிகளைக் கழற்றி, எந்தக் கம்பி எந்த முனையில் இருந்தது என்று எழுதிக்கொண்டோம். ஒவ்வொன்றும் 16 ஓம். இரண்டையும் இணையாகச் சேர்த்தால் 8 ஓம். முனை மாறிவிட்டால் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, தாழ்ந்த ஒலி மாயமாகிவிடும். ஒன்றரை வோல்ட் பேட்டரியைக் கணநேரம் தொட்டுப் பார்த்தால் கூம்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒரு கூம்பில் நகத்தளவு கிழிசல் இருந்தது. மெல்லிய காகிதத்தை, நீர் கலந்த வெள்ளை ஃபெவிகாலில் தோய்த்து இருபுறமும் ஒட்டினோம்.

பழைய ரெக்சினை, தலை உலர்த்தும் கருவியின் சூட்டில் இளக்கி உரித்தோம். அடியில் பலகை திடமாக இருந்தது. பூஞ்சணத்தைத் துடைத்து, பள்ளங்களில் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். இந்தத் தேய்ப்பில் அவசரம் கூடாது. பலகையில் விட்ட மணல் ஒவ்வொன்றும் தோலில் கொப்புளமாகத் தெரியும். பிறகு பசையைப் பலகையிலும் துணியிலுமாக இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத வரை கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஒட்டிய பின் எடுத்து நகர்த்த இயலாது. எனவே இருவர் துணியைத் தாங்க, ஒருவர் நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்திச் செல்ல வேண்டும். மடிப்பு சேருமிடத்தை அடிப்பாகத்தில் வைத்தோம். அங்கே இரு ஓரங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, இரும்புச் சட்டம் வைத்து ஒரே வெட்டாக வெட்டி, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் எடுத்துவிட்டால், இடைவெளி மயிரிழையும் இராது. மூலைகளில் துணி குவியாதபடி சாய்வாக வெட்டி உள்ளே மடித்தோம். அதன்மேல் பித்தளைக் கவசம். கவசம் அழகுக்கு என்று நினைத்திருந்தோம்; மூலை வெட்டின் குறையை மறைக்கவும் அது உதவுகிறது.

மூன்றாம் நாள் மாலை பெட்டியை மாமாவின் அறையில் வைத்தோம். அவருக்கு இப்பொழுது காது மந்தம். உச்ச ஸ்வரங்கள் அறவே கேட்பதில்லை. இளைஞர் கிதாரை மீட்ட, மாமா காதைக் கொடுக்காமல் உள்ளங்கையைப் பெட்டியின் முதுகில் வைத்தார். மூன்று தந்திகளுக்கு வாளாவிருந்தார். தடித்த தந்தியை மீட்டியவுடன், “பின்பலகையில் ஒரு திருகாணி நடுங்குகிறது, பார்” என்றார். நம் இருவர் காதுக்கும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தோம். இடது மேல் மூலையில் ஒன்று அரைச் சுற்று இடம் கொடுத்தது. முறுக்கியபின் மீண்டும் கையை வைத்தார். “பழைய பெட்டிதான்” என்று சொல்லிவிட்டு, சந்தனம் அரைத்தாற் போன்ற நிறத்தில் இருந்த சணல் துணியை வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார்.

இளைஞர் கைப்பேசியில் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். சற்று நேரத்தில் மருமகளிடமிருந்து அழைப்பு வந்தது. அவள் கேட்டது ஒன்றே: கூடத்து ஜன்னலுக்குக் கீழே இடம் இருக்கிறது, பெட்டியின் அகலம் எவ்வளவு? 30 அங்குலம் என்றோம்.