தேர்வறையில் ஒரு நிழல்

அமெரிக்க சமூக உளவியலாளர் கிளாட் ஸ்டீலை மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு புதிர் உறுத்தியது: நுழைவுத் தேர்வில் ஒரே மதிப்பெண் வாங்கி வந்தவர்களிலும் கறுப்பின மாணவர்கள் படிப்பில் பின்தங்கினார்கள். ஜோஷுவா ஆரன்சனுடன் அவர் ஸ்டான்ஃபோர்டில் நடத்திய ஆய்வு 1995-இல் வெளியானது. கடினமான மொழித்திறன் வினாக்கள்; எல்லோருக்கும் ஒரே தாள். அது அறிவுத்திறனை அளக்கும் என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் சறுக்கினார்கள். திறனை அளப்பதல்ல என்றபோது, பழைய மதிப்பெண்களைக் கணக்கில் கொண்டு பார்த்தால், வெள்ளையின மாணவர்களுக்கு ஈடாக எழுதினார்கள். இன்னொரு சோதனையில், தேர்வுக்கு முன் இனத்தைக் குறிப்பிடச் சொன்னதே அவர்களைத் தடுமாற வைத்தது. ஒரு கட்டத்தை நிரப்புவது, அவ்வளவுதான்! தன் இனத்தின் மேல் ஒட்டப்பட்ட இழிவை மெய்யாக்கிவிடுவோமோ என்ற இந்தப் பதற்றமே ‘ஸ்டீரியோடைப் அச்சுறுத்தல்’. பிந்தைய மறுசோதனைகள் சிலவற்றில் விளைவு சிறிதாகவே தெரிந்தது. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.