காயல் கரையில் ஒரு கலப்புச் சுரபுன்னை

தஞ்சை டெல்டாவின் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடங்களில் ஒன்று முத்துப்பேட்டை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு எல்லாம் இங்கே காயலில் விழுந்து பாக் நீரிணையோடு கலக்கின்றன. ஜாம்புவானோடையில் படகு ஏறினால் சற்று நேரத்தில் கோரையாற்றின் இரு கரையிலும் காடு தொடங்கிவிடுகிறது. படகில் வருகிறவர்கள் தேடுவது, சினிமாவில் பார்த்த அந்த வளைந்த கால் வேர்களைத்தான். முத்துப்பேட்டையில் அவை அவ்வளவாகக் கண்ணில் படாது.

இங்கே நிற்பது பெரும்பாலும் வெண்கண்டல். இலையின் அடிப்பக்கம் வெளுத்திருக்கும். நக்கினால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிற மரம் அது. அதன் வேர்கள் சேற்றிலிருந்து பென்சிலை நட்டது போல மேலே நீட்டி நிற்கும். நடுவே நரிக்கண்டலும் தில்லையும் உண்டு. தில்லையின் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, ஒடிக்கக் கூடாது.

வளைந்த கால் வேர் சுரபுன்னையுடையது. அலையாத்தி என்பது காட்டுக்கே பெயர். அதில் சுரபுன்னை ஒரு வகை, வெண்கண்டல் இன்னொரு வகை. இரண்டையும் ஒன்றாக எண்ணி நாற்று வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வெண்கண்டல் தாங்கும் உப்பைச் சுரபுன்னை தாங்காது. அதற்கு நல்ல தண்ணீர் கலக்க வேண்டும், அலை தினமும் வந்து கழுவிப் போக வேண்டும். முத்துப்பேட்டைக்கு நல்ல தண்ணீர் வருவது வடகிழக்குப் பருவமழையில்தான். கோடையில் காயல் கரிக்கிறது.

முன்பு விறகுக்காகக் காட்டைப் பகுதி பகுதியாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து, இறங்கி, தட்டு போலக் குழிந்தது. ஏறிய தண்ணீர் திரும்பிப் போக வழியில்லாமல் அங்கேயே வற்றி உப்பானது. பிறகு வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் மீன் முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, அலையை உள்ளே விட்டு, அதன் ஓரத்தில் நட்டார்கள். நடுவில் பெரிய வாய்க்கால், இரு பக்கமும் சாய்வாகக் கிளைகள். வயலில் வடிகால் எடுக்கும் அதே கணக்கு. வெட்டினாலும் மறுபடி துளிர்ப்பது வெண்கண்டலின் குணம். சுரபுன்னையின் முதிர்ந்த கிளையை வெட்டினால் அநேகமாக அது துளிர்க்காது, பட்டுப்போகும்.

சுரபுன்னையை வளமாகப் பார்க்க வேண்டுமானால் டெல்டாவின் வட முனைக்குப் போக வேண்டும். சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் பிச்சாவரம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள காடு. அங்கே இரண்டு வகைச் சுரபுன்னை அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றோடு, அப்பன் பெயர் தெரியாமல் பல ஆண்டு நின்ற மூன்றாவது மரமும் நிற்கிறது.

முதல் வகை ரைசோபோரா அபிகுலேட்டா. தடித்த குட்டைக் காம்பில் இரண்டே பூ, இலைக் கொத்துக்குக் கீழே கிளையோடு ஒட்டியிருக்கும். இதழில் முடி இல்லை. இரண்டாவது ரைசோபோரா முக்ரோனேட்டா. இலை அகலம், நுனியில் முள் போன்ற கூர். பூக்காம்பு நீண்டு தொங்கும், இதழ் ஓரம் பஞ்சு போல முடி. மூன்றாவது மரம் இரண்டுக்கும் நடுவில்: காம்பின் நீளமும், இலையும், இதழின் முடியும் நடுத்தரம். ஆனால் ஆள் ஓங்கி வளர்ந்திருக்கும்.

இது கலப்பு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. யாருக்கும் யாருக்கும் கலப்பு என்பதில்தான் சிக்கல். பசிபிக் தீவான நியூ கலிடோனியாவிலிருந்து விவரிக்கப்பட்ட லாமார்க்கி என்ற கலப்பினமாகத்தான் முதலில் இதைக் கருதினார்கள். அதன் பெற்றோரில் ஒன்று ஸ்டைலோசா. அந்த வகையோ பிச்சாவரத்தில் இல்லை. பக்கத்தில் இல்லாத மரத்தின் மகரந்தம் எப்படி வந்திருக்கும்? ஸ்டைலோசாவுக்கும் முக்ரோனேட்டாவுக்கும் வித்தியாசம் பூவின் நடுவே உள்ள சூல்தண்டின் நீளம்தான். முன்னதில் 4 மில்லிமீட்டருக்கு மேல், பின்னதில் 2 அல்லது 3 மில்லிமீட்டருக்குள். கலப்பு மரத்தில் இதை வைத்துப் பெற்றோரைச் சொல்வது கடினம்.

1995-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கதிரேசன் இம்மரத்தைத் தனியாக விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே வைத்து ரைசோபோரா அண்ணாமலயானா என்றார். 1997-ல் வெளியான மரபணு ஆய்வு, அபிகுலேட்டாவும் முக்ரோனேட்டாவும்தான் பெற்றோர் என்று காட்டியது. 1999-ல் இதைக் கலப்பினமாகவே திருத்தி எழுதினார்கள். பின்னர் அந்தமானிலும் இலங்கையிலும் இதே கலப்பு பதிவானது. பெற்றோர் இருவரும் பக்கத்தில் பூத்தால் இது எங்கும் பிறக்கலாம்.

ஆடுதுறையின் ஏ.டி.டி. 27 நெல்லும் கலப்புதான். ஜப்பான் ரகத்தையும் ஜி.இ.பி. 24-ஐயும் சேர்த்துப் பிறந்தது. அதற்குத் தாயும் தகப்பனும் பேரேட்டில் இருக்கிறார்கள். விதையும் இருந்தது, வயலுக்கு வந்தது. பிச்சாவரத்து மரத்துக்கு இரண்டும் வாய்க்கவில்லை. கோவேறு கழுதையைப் போல, பூத்தாலும் பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை.

சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போலத் தொங்கி, பிறகுதான் விழும். பெற்றோர் மரங்களில் பருவம் வந்தால் கை நிறையக் கிடைக்கும். கலப்பு மரத்தடியில் தேடினால் அநேகமாக வெறுங்கைதான். ஆகவே ‘கலப்புச் சுரபுன்னை நாற்று’ என்று யாராவது விற்றால், எந்த மரத்திலிருந்து எடுத்தது என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுக்கலாம். கொஞ்ச மரங்களே இருப்பதால், பட்டுப்போனால் அதே மரம் மறுபடி கிடைப்பது அரிது. கொய்யாவில் போடுவது போல விண் பதியம் போட்டுப் பெருக்குவதை ஆய்வாளர்கள் செய்யலாம். காப்புக்காட்டில் கிளை கை வைக்க வனத்துறை அனுமதி வேண்டும்.

முத்துப்பேட்டைப் பக்கம் நடுகிறவர்களுக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. இறால் குட்டையின் மூடிய வரப்பில் சுரபுன்னை நிற்காது. அலை வந்துபோகும் வாய்க்கால் ஓரமும் நல்ல தண்ணீர் கலப்பும் உள்ள இடத்தில் முக்ரோனேட்டாவின் முளையை மூன்றில் ஒரு பங்கு சேற்றில் ஊன்றலாம். மற்ற இடங்களில் வெண்கண்டலே போதும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் காட்டை முறித்துப் போட்ட பிறகும் இங்கே மறுபடி துளிர்த்தது அதுதான்.