மேற்குச் சுவரில் வைக்கோல்!

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் பஸ்ஸில் வந்தால், கிணத்துக்கடவு வந்துவிட்டது என்று கண்டக்டர் சொல்ல வேண்டியதே இல்லை. சேலைத் தலைப்பு சொல்லிவிடும்! இறங்கினதும் ஒரு கையில் பையையும் மறு கையில் தலைப்பையும் பிடித்துக்கொள்ள வேண்டும். மேற்கு மலைத்தொடர் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கிறதல்லவா? அந்த வாசல் வழியாகத்தான் வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரைக்கும் கேரளத்துக் காற்று எங்கள் ஊருக்குள் வருகிறது. காற்றாலைகளுக்குக் கொண்டாட்டம். துணி காயப்போடுகிற எங்களுக்குத் திண்டாட்டம்.

காற்று இல்லாத மாசி, பங்குனி, சித்திரையில் இதே ஊர் வேறு ஊராகிவிடும். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மேற்கு வெயில் சுவரில் இறங்கினால், ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கை வைக்க முடியாது.

இந்த ஊரில்தான், என் மாமனார் விட்டுப்போன தென்னந்தோப்பின் ஓரத்தில், நானும் என் கணவரும் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டிக் குடி வந்திருக்கிறோம். மற்ற மூன்று பக்கமும் எல்லோர் வீட்டையும் போலத்தான். மேற்குச் சுவர் மட்டும் முப்பது அடி நீளத்துக்கு வைக்கோல்! சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவள்தான்.

அதற்கு முன் பதினெட்டு வருஷம் சிங்காநல்லூரில் வாடகை வீடு. படுக்கையறை மேற்குப் பார்த்தது. பிள்ளைகள் இரண்டு பேருக்கும் வேர்க்குருவுக்குப் பவுடர் வாங்கின காசைச் சேர்த்திருந்தால் ஒரு பவுன் எடுத்திருக்கலாம். தோட்டத்தில் கட்டலாம் என்று நாங்கள் துணிந்த நேரத்தில், 2021-ல், தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் மூடப்பட்டன. செம்மண்ணை அனுமதியில்லாமல் ஆழ ஆழத் தோண்டி, யானை நடக்கிற தடமெல்லாம் பள்ளமாகிவிட்டது என்று வழக்கு. மூடினது நியாயம்தான். ஆனால் வீடு கட்ட நினைத்தவர்களுக்கு செங்கல் விலை தலையைச் சுற்றியது.

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்த எஞ்சினியர் தம்பி ஒருவர், "அண்ணா, மேக்குச் செவுரை மட்டும் வைக்கோல் கட்டுல வெச்சுப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டார். அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். மணல் குன்றுப் பகுதி, மரமே கிடையாது. நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே குடியேறினவர்கள், புல்லையும் வைக்கோலையும் கட்டாகக் கட்டும் மிஷின் வந்ததும், அந்தக் கட்டுகளையே செங்கல்லைப் போல அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். அங்கே ஆர்தர் என்ற சிற்றூரில் 1928-ல் கட்டின ஒரு தேவாலயம் இன்றும் நிற்கிறது. பிரான்சில் மோன்தார்ஜி என்ற ஊரில் 1920 வாக்கில் கட்டின வைக்கோல் வீடும் நூறு வயதைத் தாண்டிவிட்டது. வைக்கோலுக்குள் அடைபட்ட காற்று சூட்டைக் கடத்தாது என்பதுதான் இதில் உள்ள சூட்சுமம். பிளாஸ்கில் காப்பி சூடாக இருக்கிறதல்லவா, அதேபோல உள்ளே குளிர்ச்சி தங்கும்.

என் கணவர் உடனே தலையாட்டிவிட்டார். அத்தை (என் மாமியார்) சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நான் மண்ணுச் சாளையில வாக்கப்பட்டு வந்தவ. மழைக்கு ஒழுகறதும், காத்துக்குக் கீத்து பறக்கறதும், எலி ஓடறதும் எனக்குத் தெரியாதா அம்முணி? உங்க மாமன் வவுத்தக் கட்டி ஓட்டு வீடு கட்டுனாரு. இப்ப நீங்க மறுபடியும் வைக்கப்புல்லுக்கே போறீங்களா? சொந்தஞ்சுருத்து என்ன பேசும்?"

இது வெறும் பிடிவாதம் இல்லை. கூரை வீடு என்றால் ஏழ்மை, காரை வீடு என்றால் கௌரவம் என்று ஒரு தலைமுறையே உழைத்துத்தானே மேலே வந்திருக்கிறது? அடுத்து அவர் சொன்னதுதான் என் வாயை அடைத்தது. "கும்பகோணத்தை மறந்துட்டியா?"

எப்படி மறப்பேன்? 2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரை பற்றி 94 குழந்தைகள்... அப்போது என் மூத்தவன் கைக்குழந்தை. டிவியில் பார்த்துவிட்டு அவனை ராத்திரி முழுக்கக் கீழே விடாமல் வைத்திருந்தேன்.

அதனால் எஞ்சினியர் தம்பியிடம் நானே சொல்லிவிட்டேன். "அத்தை பயம் தெளியாம ஒரு கட்டுக்கூட வாங்க வேண்டாம் தம்பி."

அவர் விளக்கம் சொல்வதற்குப் பதில் காரியத்தில் காட்டினார். உதிரி வைக்கோலுக்கும் இறுக்கிக் கட்டின வைக்கோலுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு செய்தித்தாளைக் கசக்கிப் போட்டால் பக்கென்று பற்றும். நூறு தாளை இறுக்கிக் கட்டிப் போட்டால் ஓரம் கருகுமே தவிர சுலபத்தில் எரியாது. உள்ளே காற்றுப் போக வழியில்லை. அதற்கு மேல் இரண்டு அங்குல மண் பூச்சும் வந்துவிட்டால், ஒரு மணி நேரம் நெருப்பைத் தாங்கும் என்று அமெரிக்காவில் முறையாகச் சோதித்திருக்கிறார்கள். அவர் ஒரே ஒரு கட்டைக் கொண்டுவந்து, மண் பூசி, மூன்று வாரம் காயவிட்டார். அப்புறம் அத்தையே அதன் ஓரமாக மூன்று கல் வைத்து விறகடுப்பு மூட்டி, அண்டா நிறையச் சுடுதண்ணீர் போட்டார். தண்ணீர் கொதித்து, நாங்கள் எல்லோரும் குளித்தும் ஆயிற்று! கடப்பாரையால் பூச்சைப் பெயர்த்துப் பார்த்தால், உள்ளே வைக்கோல் கொஞ்சம் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வேளை தட்டைத் தள்ளவும் இல்லை.

இதற்கு நடுவில் உறவில் ஒரு கல்யாணத்துக்காகத் திருவனந்தபுரம் போக வேண்டியிருந்தது. தம்பானூர் ரயிலடியில் இறங்கி எதிரே பார்த்தால், செங்கல் நிறத்தில் சுருள் சுருளாக ஒரு காப்பி ஹவுஸ்! மேலே ஏற ஏறச் சாய்தளத்திலேயே மேஜைகள், சுவரெங்கும் காற்று வரச் சின்னச் சின்ன ஓட்டைகள். கட்டினவர் லாரி பேக்கர். இங்கிலாந்தில் 1917-ல் பிறந்து, காந்திஜியைச் சந்தித்த பிறகு இந்தியாவிலேயே தங்கிவிட்டவர். 1948-ல் டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை மணந்து, இரண்டு பேரும் இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் அந்த மலைக் கல்லையும் மண்ணையும் கொண்டே வீடும் ஆஸ்பத்திரியும் கட்டிக்கொண்டு ஏறக்குறைய பதினைந்து வருஷம் இருந்தார்கள். பிறகு திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில், பாறைச் சரிவில், முதலில் சின்னதாக ஒரு குடிசை. குடியிருந்துகொண்டே அறை அறையாக வளர்த்ததுதான் 'ஹேம்லெட்' என்ற அவர்கள் வீடு. 1990-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2007-ல் மறைந்தார். நல்ல வீட்டுக்கான சாமான் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்க வேண்டும் என்று காந்திஜி சொன்னதை அவர் கடைசி வரை நினைவில் வைத்திருந்தாராம்.

அந்தக் கணக்குப்படி பார்த்தால் நாங்கள் பெயில்! கிணத்துக்கடவில் நெல் ஏது? தக்காளியும் தென்னையும்தான். வைக்கோலுக்கு ஆழியாறு தண்ணீர் பாயும் ஆனைமலைக்குப் போக வேண்டியிருந்தது. தை மாதத்து அறுவடை. மலை அடிவாரத்தில் பச்சையும் மஞ்சளுமாக வயல், நடுவில் கொக்கு, பின்னால் நீலமாக மலை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஊர் சுற்றினது அதுதான் முதல் தடவை, அதுவும் வைக்கோல் வாங்க!

அறுவடை மிஷினுக்குப் பின்னால் டிராக்டரில் கட்டு கட்டும் மிஷின் வருகிறது. ஆனால் நம் பக்கத்தில் பெரும்பாலும் உருளையாகத்தான் சுருட்டுகிறார்கள். உருளையை எப்படி அடுக்குவது? சதுரக் கட்டுப் போடும் மிஷினை உடுமலைப் பக்கமிருந்து தேடிப் பிடித்தோம். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம்; ஒரு கட்டு பதினாறு கிலோ இருக்கும். எண்பது கட்டு.

வரப்பில் நின்ற ஒரு அம்மாள் கேட்டார்: "ஏனுங்கக்கா, எத்தனை மாடு வெச்சிருக்கீங்க?"

"மாடில்லீங்க, ஊடு கட்டறதுக்கு."

அவர் சிரிக்கவில்லை. "மாடு திங்கறதையா?" என்றார்.

வண்டியில் வரும்போதெல்லாம் இது மனசைக் குடைந்தது. எண்பது கட்டு என்பது, நாளைக்கு ஐந்து கிலோ வீதம் ஒரு மாடு எட்டு மாதத்துக்கு மேல் தின்கிற தீனி. பஞ்சாப் பக்கம் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். அங்கே வீடு கட்டினால் புண்ணியம். நம் கொங்கு நாட்டில் வைக்கோல் பசுவின் சாப்பாடு, பஞ்ச காலத்தில் பொன். அதனால் முழு வீட்டையும் வைக்கோலில் கட்டுவது நம் ஊருக்குப் பொருந்தாது என்பதுதான் என் அபிப்பிராயம். வெயில் தாக்கும் ஒரு சுவருக்கு மட்டும் என்றால் சரி. என் கணவருக்கு இதில் இன்றும் என்னோடு சம்மதமில்லை.

சுவர் கட்டுவதற்கு முன்னால் கடக்கால் கருங்கல்லில் போட்டு, பேஸ்மட்டத்தை இரண்டடி உயர்த்தினோம். செங்கல் தூண் எழுப்பி, கூரையையும் முதலிலேயே போட்டாயிற்று. ஓடு சுவருக்கு வெளியே மூன்றடி இறங்கி நிற்கிறது. ஆடிச் சாரல் மேற்கிலிருந்துதானே சாய்வாக அடிக்கிறது! வைக்கோலுக்கு நெருப்பைவிடத் தண்ணீர்தான் முதல் எதிரி. கைவிட்டுப் பார்த்தால் உலர்ந்திருக்க வேண்டும், புழுங்கின வாடை வரக்கூடாது. அப்படியும் கோடை மழை ஒன்று திடீரென்று கொட்டியதில் ஒன்பது கட்டு நனைந்துவிட்டது. அவை தென்னைக்கு மூடாக்காகப் போயின. சமையலறைக்கும் குளியலறைக்கும் கிழக்குப் பக்கத்தைக் கொடுத்து, சாதாரணச் சுவரே வைத்தோம்.

தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே முழுக் கட்டு நுழையாத இடங்களில் அரைக் கட்டு வேண்டும். கட்டை அறுத்தால் உதிர்ந்துபோகுமே? கம்பியில் இரண்டடி நீளத்துக்குக் கோணி ஊசி செய்து, கயிற்றை உள்ளே விட்டு முதலில் முடிச்சுப் போட்டு, அப்புறம்தான் பழைய கயிற்றை வெட்ட வேண்டும். கொத்தனாருக்கு வராத இந்த வேலையை நானும் சித்தாள் பெண்கள் இரண்டு பேரும் செய்து முடித்தோம்.

சகோதரிகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வேலையில் தூசி அதிகம். மூக்கு, வாயை மூடித் துணி கட்டாமல் நிற்கக் கூடாது. இழுப்பு இருக்கிற குழந்தைகளைக் கிட்டவே விடக்கூடாது. என் சின்னவளைப் பூச்சு முடிகிற வரைக்கும் அம்மிச்சி வீட்டில் விட்டிருந்தேன். கீழே சிதறுகிற வைக்கோலை அன்றன்றே கூட்டி அள்ளிவிட வேண்டும். பீடி பிடிப்பவர்களுக்கு அந்தப் பக்கம் அனுமதி கிடையாது. பூச்சு வராத வரைக்கும் தீ பயம் நிஜமான பயம்தான்.

கொத்தனார் சிமெண்டுதான் பூச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சிமெண்டு ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும், வைக்கோல் மக்கிப்போகும். மண்ணும் சுண்ணாம்பும்தான் மூச்சுவிடும். செம்மண், மணல், நறுக்கின வைக்கோல் மூன்றையும் ஒரு வாரம் ஊறப்போட்டு மிதித்தோம். இங்கேதான் அத்தை உள்ளே வந்தார்! "இப்படியா மண்ணு மிதிப்பாங்க? காலைத் தூக்கி வை அம்முணி" என்று சேலையைச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிவிட்டார். எழுபத்திரண்டு வயசு. சாளை கட்டின காலத்துக் கால் மறக்கவில்லை.

முதலில் நீர்க்க மண்ணை வைக்கோலில் அழுத்தித் தேய்த்து, அப்புறம் கனமாக ஒரு பூச்சு. எலி நுழையாதபடி அடிவரிசையில் கம்பி வலை. கடைசியில் சுண்ணாம்பில் கடுக்காய் ஊறின தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் சேர்த்து மெல்லிய பூச்சு. சுண்ணாம்பு கையைத் தின்றுவிடும். உறை போட்டுக்கொள்ளாமல் தொடாதீர்கள்.

மண் பூச்சு ஈரமாக இருந்த ஐந்தாறு நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. மிஷின் அறுவடையில் தப்பின நெல்மணிகள் சுவருக்குள் இருந்தனவே, அவை முளைத்துப் பச்சைப் பசேலென்று சுவரில் தலையை நீட்டின! எஞ்சினியர் தம்பி, "பயப்படாதீங்க, பூச்சு காஞ்சா தானாக் கருகிடும்" என்றார். அத்தை அவரைப் பேசவிடவில்லை. "செவுத்துலயே முளைப்பாரி போட்டிருக்குது மாரியாத்தா" என்று மஞ்சளும் குங்குமமும் எடுத்துவந்து அந்தச் சுவருக்கு வைத்தார். சொந்தஞ்சுருத்து என்ன பேசும் என்ற கேள்வி அன்றோடு நின்றுபோயிற்று.

செலவு மிச்சமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பெரிய மிச்சமில்லை. வீட்டுச் செலவில் சுவர் ஒரு பங்குதானே? கடக்கால், கூரை, ஒயரிங் எல்லாம் அதே செலவு. பூச்சுக்கு ஆள்கூலியும் அதிகம். ஒரு வங்கியில் 'வைக்கோல்' என்ற சொல்லைக் கேட்டதுமே பைலை மூடிவிட்டார்கள். நகையை வைத்துத்தான் சமாளித்தோம், பாதி மீட்டாயிற்று.

குடி வந்து இரண்டு கோடை பார்த்துவிட்டோம். மத்தியான வெயிலில் அந்தச் சுவரின் உள்பக்கம் மண்பானையைத் தொட்ட மாதிரி இருக்கிறது. ஓட்டுக்கு அடியில் சீலிங் போடாதவரை மேலிருந்து சூடு இறங்கத்தான் செய்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். ரோட்டு லாரிச் சத்தம் அந்தப் பக்கமிருந்து கேட்பதே இல்லை. சுவர் ஒன்றரை அடி கனமானதால் ஜன்னல் கட்டையில் உட்காரலாம். சின்னவளுக்குப் படிக்கிற இடம் அதுதான். கஷ்டம் என்றால் ஆணி! நினைத்த இடத்தில் அடிக்க முடியாது. பூசுவதற்கு முன்பே மரக்கட்டைகளை உள்ளே பதித்து வைத்ததால் காலண்டரும் அலமாரியும் தப்பின. வருஷத்துக்கு ஒரு தடவை விரிசலும் பார்க்க வேண்டும். ஜன்னல் ஓரத்தில் இரண்டு மயிரிழை விரிசல் கண்ணில் பட்டிருக்கிறது. சாரல் தொடங்குவதற்குள் அடைத்துவிட வேண்டும் என்று அத்தை காலையிலேயே ஒரு வாளி மண்ணை ஊறப்போட்டுவிட்டு, சுண்ணாம்பு வாங்கிவர இவரைப் பொள்ளாச்சிக்கு விரட்டிக்கொண்டிருக்கிறார்.